ஓஸ்டர்லி கவுண்டிக்கு வரவிருந்த செழிப்பு

ஓஸ்டர்லி கவுண்டி என்கிற அமெரிக்க மாவட்டத்தில் கல்யாண லைசென்ஸ் வாங்க, கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போனால் போதும். மணமக்கள் ஏழைகளாக இருந்தால் மாடிக்கும் போக வேண்டும் என்பது ஆர்டிஸ் ஹோவ்லண்டுக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் இரண்டாவது கல்யாணம் செய்துகொள்கிறவளுக்கு எத்தனையோ கவலைகள் இருக்கலாம். அன்று காலை அவளுக்கு இருந்த ஒரே கவலை, மெர்ல் டிட்மர் போட்டுக்கொண்டு வந்திருந்த விதைக் கம்பெனித் தொப்பியை உள்ளே நுழைவதற்கு முன் எப்படிக் கழற்ற வைப்பது என்பதுதான்.

கவுன்ட்டரில் இருந்த டொரீன் அவளோடு பள்ளியில் படித்தவள்.

"அடியே ஆர்டிஸ்! கடைசியில கேட்டுட்டானா?"

"நான்தான் கேட்டேன். இவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் பல்லு கொட்டியிருக்கும்."

"எனக்கு ஆரம்பிச்சாச்சு," என்று மெர்ல் வாயைத் திறந்து ஓர் இடைவெளியைக் காட்டினான்.

மெர்ல் கவுண்டியின் வேனில் முதியவர்களை டாக்டரிடம் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிடுகிறவன். ஆர்டிஸ் வான்கோழி ஆலையில் இறைச்சி வெட்டுகிற வரிசையில் நிற்பவள். இரண்டு பேரும் லூத்தரன் சர்ச்சின் நிலவறைச் சமையலறையில் பழகியவர்கள். ஊரில் யார் செத்தாலும் அங்கேதான் சாப்பாடு. ஆறு வருஷமாக அந்தச் சாவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அவள் கழுவ, அவன் துடைத்தான். அவன் ஒரு கரண்டியைக்கூட ஈரத்தோடு வைத்ததில்லை. அதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவள் முடிவுக்கு வந்திருந்தாள்.

டொரீன் இரண்டு பெயரையும் கம்ப்யூட்டரில் அடித்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"ரெண்டு பேருமே குளிர்கால ஹீட்டர் உதவி வாங்குறீங்களா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. மாடிக்கு ஒரு நடை போய் ஜேனல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. சும்மா, ஒரு மரியாதைக்கு."

மாடி முழுவதும் வறுமை ஒழிப்பு அலுவலகம். கட்டடத்திலேயே புதுக் கம்பளம் விரித்த தளம் அது ஒன்றுதான். அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் பல் இன்சூரன்ஸ் உண்டு. அதனால் அங்கே எல்லாரும் நன்றாகச் சிரிப்பார்கள்.

சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருந்தது. மூடப்பட்ட ஏதோ ஒரு சர்ச்சிலிருந்து கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை பாட வேண்டிய பாட்டுகளின் எண்களைச் செருகி வைப்பார்களே, அந்தப் பலகை. மேல் வரிசையில் இப்போது கவுண்டியின் மக்கள்தொகை. கீழ் வரிசையில் அவர்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள். யாராவது பிறந்தாலோ, செத்தாலோ, வேலை கிடைத்தாலோ இயக்குநர் ஜேனல் க்விஸ்ட் தன் கையாலேயே எண்களை மாற்றுவாள்.

ஜேனல் செய்தியைக் கேட்டதும் எழுந்து வந்து ஆர்டிஸைக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு சந்தோஷமான விஷயம்! எனக்கு அழுகையே வருது." உண்மையில் வந்தது. அவள் பார்வை ஆர்டிஸின் தோளுக்கு மேலே பலகையில் இருந்தது.

"உக்காருங்க. காபி குடிக்கிறீங்களா? நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? தனியா இருக்கிறப்ப நீங்க ஏழை, ஆர்டிஸ். மெர்லும் தனியா ஏழை. ரெண்டு பேரும் ரொம்ப வருஷமா இருக்கிற, நம்பிக்கையான ஏழைங்க. ஆனா கல்யாணம் பண்ணிட்டா ஒரே குடும்பம் ஆயிடுறீங்க. ஒரு வீடு, ஒரு ஹீட்டர், ஒரு ஃபிரிட்ஜ். ரெண்டு பேருக்கு ரெண்டு மடங்கு செலவாகாதுங்கிறது கவர்ன்மென்ட் கணக்கு. ரெண்டு சம்பளத்தையும் கூட்டினா கோட்டுக்கு மேல போயிடுவீங்க."

மெர்ல் தொப்பியை முழங்காலில் வைத்துச் சுழற்றினான். "தனித்தனியா இருந்தா ரெண்டு ஏழை. சேந்துட்டா ஒரு ஏழைகூட இல்லையா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா போன கிறிஸ்துமஸுக்கே இவளைத் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

"அப்ப நல்ல விஷயம்தானே?" என்று ஆர்டிஸ் கேட்டாள். "கவுண்டியில வறுமை குறையுமில்ல?"

"குறையும்!" என்றாள் ஜேனல். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று சொல்கிற குரல். "அதைத்தான் நானும் சொல்றேன்."

பிறகு பொறுமையாக விளக்கினாள். கவுண்டியில் ஐந்தில் ஒருவர் ஏழையாக இருந்தால்தான் வறுமையை ஒழிக்க வாஷிங்டனிலிருந்து மானியம் வரும். ஐந்தில் ஒருவருக்கு ஒரு தலை குறைந்தாலும் நின்றுவிடும். இந்த வருஷம் கணக்குக்கு மேல் உபரியாக இருப்பது ஒரே ஓர் ஏழை. அந்த ஒருவரும் ஒரு கிழவர், ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு படுத்திருக்கிறார்.

"அவருக்காக நாங்க எல்லாரும் தினமும் ஜெபம் பண்றோம்," என்றாள் ஜேனல். "நாங்க இருக்கிறதே வறுமையை ஒழிக்கத்தான். அதுக்காக வறுமையே இல்லாமப் போயிட்டா எதைப் போய் ஒழிக்கிறது? நீங்களே சொல்லுங்க."

"ஆனாலும் நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னுதான் இருக்கோம்," என்றாள் ஆர்டிஸ்.

ஜேனல் தலையைச் சாய்த்துப் புன்னகைத்தாள். "அது ஒரு வித்தியாசமான யோசனை."

ஓஸ்டர்லி கவுண்டியில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. முடியாது என்று சொல்வதும் இல்லை. 'வித்தியாசமான யோசனை' என்பதற்கு மேல் கடுமையான சொல் அந்த ஊரில் கிடையாது. ஆர்டிஸுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது.

சனிக்கிழமை ஜேனல் ஆர்டிஸின் வீட்டுக்கே வந்தாள். கூடவே பாஸ்டர் லைல். ஜேனலின் கையில் ஹாட்டிஷ்: மாட்டுக்கறிக் கொத்தும் காளான் சூப்பும் அடியில், பொரித்த உருளைக்கிழங்கு உருண்டைகள் மேலே. அந்த ஊரில் அதைத் தூக்கிக்கொண்டு யாராவது வாசலில் நின்றால் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

"யாரு செத்தது?" என்றான் சமையலறையில் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மெர்ல்.

"இன்னும் யாரும் இல்ல," என்றார் பாஸ்டர் கனிவாக.

மூன்று குவளை காபி முடியும்வரை மழையைப் பற்றியும் சோளத்தின் உயரத்தைப் பற்றியும் பேசினார்கள். விஷயத்துக்கு அதற்கு முன் போவது அங்கே மரியாதையில்லை. நான்காவது குவளைக்குப் பாஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

"ஆர்டிஸ், நானும் ஜேனலும் விதிகளைப் படிச்சுப் பார்த்தோம். ஒரு வழி இருக்கு. ஒரே வீட்டுல இருந்தாலும், கல்யாணம் ஆகாதவங்களைத் தனித்தனிக் குடும்பமாத்தான் எண்ணுறாங்க. அதனால..." பாஸ்டர் காபிக்குள் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் சும்மா சேந்து இருந்துடலாம்."

ஆர்டிஸ் காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கல்யாணம் பண்ணிக்காமலா?"

"கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார்."

"போன கோடையில எஞ்சல் வீட்டுப் பொண்ணு ஒரு பையனோட போய்த் தங்கினப்ப நீங்க மூணு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணீங்களே, பாஸ்டர். அவங்கம்மா பின்வாசல் வழியா எழுந்து போனாங்க."

"அந்தப் பொண்ணு நர்ஸ்," என்றார் பாஸ்டர். "அவ சம்பளம் வேற."

மெர்ல் குழாய்க்கு அடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். "பாஸ்டர், பாவத்துக்கும் வருமான உச்சவரம்பு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லவே இல்ல. இருபது வயசுல சொல்லியிருந்தா உபயோகமா இருந்திருக்கும்."

பாஸ்டர் சிரிக்கவில்லை. சர்ச்சில் ஏழைகளுக்குக் கொடுக்கிற மளிகைப் பொருள் வருவது அந்த மானியத்தில்தான் என்றார். ஏழைகள் குறைந்தால் ஏழைகளுக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. ஆர்டிஸ் தன் ஒருத்தியின் சுகத்தை மட்டும் பார்க்கிறவள் இல்லை என்று தமக்குத் தெரியும் என்றார்.

ஆர்டிஸ் மேஜைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். வான்கோழி ஆலையில் இருபது வருஷம் குளிரில் நின்ற கைகள். விரல்கள் முழுசாக நிமிர்வதில்லை.

"போன மார்ச்ல இவனுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்துச்சு," என்றாள். "நான் தாழ்வாரத்துல இவன் தொப்பியை மடியில வச்சுக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். நர்ஸ் வந்து, நீங்க இவருக்கு என்ன வேணும்னு கேட்டா. பாத்திரம் கழுவுற தோழின்னு சொன்னேன். குடும்பத்துக்காரங்கதான் உள்ள வரலாம்னுட்டா. இவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா, இவன் கடைசியாப் பார்க்கிற முகம் யாரோ ஒரு டாக்டரோட முகமா இருந்திருக்கும். அடுத்த தடவை நான் உள்ள போகணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

ஜேனல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு அழகாச் சொல்றீங்க. மானிய விண்ணப்பத்துல இதைச் சேத்துக்கலாமா?"

அவர்கள் போன பிறகு ஆர்டிஸ் ஹாட்டிஷை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டுக் கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவினாள். அடியில் ஒட்டியிருந்த நாடாவில் 'வறுமை ஒழிப்பு அலுவலகம்' என்று எழுதியிருந்தது. அங்கே எல்லாப் பாத்திரங்களுக்கும் அடியில் இப்படிப் பெயர் இருக்கும், திரும்பிப் போக வேண்டியதால். போகும்போது வெறுமனே போகக் கூடாது. முதல் புருஷன் செத்தபோது ஆர்டிஸின் வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பாத்திரங்கள் வந்தன. துக்கத்தோடு துக்கமாக ஒவ்வொன்றிலும் எதையாவது சுட்டுப் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். வெறும் பாத்திரத்தை ஒருத்தி திருப்பிக் கொடுத்தாள் என்றால், இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறைக்குச் சர்ச்சில் எதிரெதிர்ப் பக்கம் உட்கார வேண்டியதுதான். இப்போதும் கொல்லையிலிருந்த ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வெட்டி, சர்க்கரையும் மாவும் சேர்த்து, பார் என்கிற கேக் துண்டுகளைச் சுட்டு, பாத்திரம் நிறைய அடுக்கி, திங்கட்கிழமை கோர்ட் கட்டட மாடியில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எவ்வளவு நல்லவங்க நீங்க," என்றாள் ஜேனல், ஒன்றைக் கடித்துக்கொண்டே. "நாளைக்குக் கவுண்டி போர்டு கூடுது. ரெண்டு பேரும் அவசியம் வரணும்."

போர்டுக் கூட்டம் கொடி வணக்கத்தோடு தொடங்கியது. சேர்மன் வெண்டல் ரூட், வான்கோழி ஆலையின் முதலாளியும் அவர்தான், மார்பில் வைத்த கையை எடுக்காமலே சொன்னார்: "இந்த வருஷம் நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்காக ஒரு நிமிஷம் மௌனம்."

ஜேனல் ஒரு சின்ன மணியை அடித்துப் பெயர்களைப் படித்தாள்.

"ரிக் ஆபெல் குடும்பம், நாலு பேர். மனைவிக்கு ரயில்வேயில வேலை கிடைச்சது." மணி. "லோயிஸ் பிராண்ட். அத்தையோட சொத்து வந்தது. எதிர்பாராதது." மணி. "ஸ்டூவர்ட் கெல்சி. நல்லாத்தான் இருந்தார். திடீர்னு சம்பள உயர்வு." மணி.

பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஆர்டிஸும் பழக்கத்தில் தலையைக் குனிந்திருந்தாள். எதற்காகக் குனிந்தோம் என்று பாதியில்தான் யோசித்தாள்.

சேர்மன் பேசினார். "நண்பர்களே, நான் ஒரு எளிய வான்கோழி வியாபாரி. நம்ம ஏழைங்களைப் பத்தி எனக்கு ரொம்பப் பெருமை. இந்த ஏழைங்களை உருவாக்குறதுல என் ஆலைக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டுன்னு அடக்கமாச் சொல்லிக்கிறேன். என் அப்பா காலத்துல என்ன சம்பளமோ, என் காலத்துலயும் ஏறக்குறைய அதே சம்பளம். விலைவாசி ஏறுச்சு, நாங்க ஏறல. அந்த மனவுறுதி இல்லேன்னா இன்னைக்கு இந்தக் கட்டடத்துக்குப் புதுக் கம்பளம் வந்திருக்குமா?"

எல்லாரும் கைதட்டினார்கள். ஆர்டிஸ் சுற்றிலும் பார்த்தாள். கைதட்டியவர்களில் ஐந்தில் ஒருவர் அவளுடைய ஆலைக்காரர்.

பிறகு யோசனைகள் வந்தன. மூன்று பிள்ளைகள் இருந்தால் ஐந்து பேர் குடும்பம். அப்போது இதே சம்பளத்தில் தாராளமாகக் கோட்டுக்குக் கீழே இருக்கலாம் என்றார் ஒரு போர்டு உறுப்பினர்.

"மூணா?" என்றான் மெர்ல். "எனக்கு அறுபத்தொண்ணு. நாளைக்கே ஆரம்பிச்சாலும் கடைசிக் குழந்தையை யார் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது? என் வேன்லயே நான்தான் பயணியா இருப்பேன்."

பக்கத்துக் கவுண்டியிலிருந்து இரண்டு ஏழைகளை வரவழைக்கலாமே என்றார் இன்னொருவர். "கேட்டுப் பார்த்தேன்," என்று ஜேனல் பெருமூச்சு விட்டாள். "அவங்க ஏழைங்களை அவங்க வேலி போட்டு வச்சிருக்காங்க. போன மாசம் நம்ம ஆளு ஒருத்தருக்கே அங்க வீடு காட்டி இழுக்கப் பாத்திருக்காங்க. என்ன மனுஷங்களோ."

ஆர்டிஸ் எழுந்து நின்றாள். போர்டுக்கு முன்னால் அவள் பேசியதே இல்லை. "எங்களால யாருக்கும் கஷ்டம் வேணாம்," என்றாள். "மாடியில நிறைய சம்பளம் வாங்குறவங்கள்ல யாராவது ரெண்டு பேர்... கொஞ்ச நாளைக்கு ஏழையா இருந்து பார்க்க முடியாதா?"

அதைக் கேட்டுக் கொடிக்கம்பம்கூடச் சங்கடப்பட்டிருக்கும்.

"அது," என்றார் சேர்மன், "ரொம்ப வித்தியாசமான யோசனை."

ஜேனல் அவள் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆர்டிஸ், ஏழையா இருக்கிறதுக்கு அனுபவம் வேணும். எங்க ஆளுங்களுக்கு அது வராது. பாவம், ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டாங்க."

ஆர்டிஸ் உட்கார்ந்தாள். மெர்லின் தொப்பியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். சேர்மன் அதைப் பார்த்தார். ஜேனலை அருகில் அழைத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கிசுகிசுத்தார்கள். நிமிர்ந்தபோது சேர்மனின் முகம் கிறிஸ்துமஸ் மரம்போல ஒளிர்ந்தது.

"நாம கல்நெஞ்சக்காரங்க இல்ல," என்றார். "காதலுக்குக் குறுக்கே நின்ன கவுண்டின்னு நமக்குப் பேர் வேண்டாம். கல்யாணத்தைப் பண்ணிக்கோங்க. மத்ததைப் போர்டு பாத்துக்கும். எங்க சார்பா ஒரு பரிசும் உண்டு."

ஆர்டிஸ் வாய்விட்டு அழுதாள். கோர்ட் கட்டடத்தின் படிகளில் இறங்கும்போது, "மனுஷங்க நல்லவங்கதான், மெர்ல்," என்றாள். மெர்ல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "பரிசு என்னன்னு சொல்லலையே," என்றான்.

கல்யாணம் ஜூன் மாதத்தில், சர்ச்சிலேயே நடந்தது. ஆர்டிஸ் நீல உடுப்பில் வந்தாள். மெர்லுக்குத் தொப்பி மறைத்திருந்த நெற்றிப் பாதி வெயில் படாமல் வெள்ளையாக இருந்தது. இதுவரை சாவுக்கு மட்டுமே பாத்திரம் கழுவிய நிலவறையில் அன்று அவர்களை மேஜையின் தலைப்பக்கம் உட்கார வைத்தார்கள். ஹாம் சாண்ட்விச்சும், காரட் போட்ட பச்சை ஜெல்லியும், வரிசையாக ஹாட்டிஷ்களும். ஆர்டிஸ் இரண்டு தடவை எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். இரண்டு தடவையும் டொரீன் பிடித்து உட்கார வைத்தாள். "இன்னைக்கு ஒரு நாளாவது சும்மா இருடீ, கல்யாணப் பொண்ணே."

சேர்மன் மைக்கைத் தட்டினார்.

"இந்த வயசுல கல்யாணம் பண்ணிக்கிறவங்களுக்கு எது ரொம்பக் குறைச்சலா இருக்கும்? பணமா? இல்ல. நேரம்! அதைத்தான் போர்டு இவங்களுக்குக் கொடுக்குது. திங்கக்கிழமையிலேருந்து ஆர்டிஸ் ஆலைக்கு வாரத்துல மூணு நாள் வந்தாப் போதும். மெர்லோட வேன் செவ்வாயும் வியாழனும் மட்டும் ஓடும். சம்பளமும் அதுக்குத் தகுந்தாப்ல இருக்கும். மிச்ச நாள் பூரா ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம்!"

"கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்," என்று ஜேனல் குதித்தாள். "ரெண்டு பேர் குடும்பமாவே கோட்டுக்கு அழகா கீழ வந்துடுறீங்க! ரெண்டு தலையும் அப்படியே இருக்கு. அடுத்த வாரம் மானியக்கார அம்மா சரிபார்க்க வர்றாங்க. எனக்கு இப்பத்தான் தூக்கமே வரும்."

நிலவறை முழுக்கக் கைதட்டல். பாஸ்டர் லைல் ஆமென் சொன்னார். ஆர்டிஸின் வாயில் பாதி மென்ற சாண்ட்விச் இருந்தது. அதை விழுங்குவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கிவிட்டு, "ரொம்ப நன்றி," என்றாள். மேஜைக்கு அடியில் மெர்ல் அவள் கையைப் பிடித்தான். வலிக்கிற அளவுக்குப் பிடித்தான்.

போகும்போது ஜேனல் மிச்ச ஹாட்டிஷை அவள் கையில் திணித்தாள். "நாளைக்குச் சமைக்க வேண்டாம். பாத்திரத்தை மெதுவாக் கொடுங்க."

திங்கட்கிழமை இருவரும் வீட்டில் இருந்தார்கள். புதன்கிழமையும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆர்டிஸ் பாத்திரத்தைக் கழுவினாள். மெர்ல் துடைத்தான். அடுப்பு மேல் அன்று சுட்ட ருபார்ப் பார் தட்டு நிறைய ஆறிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் அந்தத் தட்டைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். வெறும் பாத்திரத்தைக் கையில் எடுத்தாள்.

மெர்ல் துண்டை மடித்தான். திரும்பவும் பிரித்தான். "வெறுமனேவா?"

"வெறுமனே."

"ஆர்டிஸ்... நிஜமாவா?"

"நீ வர்றியா, இங்கயே இருக்கியா?"

மெர்ல் தொப்பியை எடுத்துக்கொண்டான். கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டொரீன் அவள் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள், அதற்குள்ளே பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே மாடி ஏறினாள். ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஆர்டிஸ் யாரையும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. புதுக் கம்பளத்தின் மேல் நடந்து, ஜேனலின் மேஜை நடுவில், காகிதங்களுக்கு மேலே, அந்த வெறும் பாத்திரத்தை டொக்கென்று வைத்தாள்.

"உங்க பாத்திரம்," என்றாள்.

மாடி முழுவதும் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. ஜேனலுக்கு எதிரில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஓர் அம்மாள் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். ஜேனல் பாத்திரத்தைப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் கன்னம் சிவந்தது, உதடு துடித்தது. பட்டுவிட்டது என்று நினைத்தாள் ஆர்டிஸ். இனி இந்த ஜென்மத்தில் தன்னோடு பேச மாட்டாள் என்று நினைத்தாள்.

ஜேனல் மெதுவாக அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள். அவள் கண்களில் நீர் நிறைந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள். "எங்க ஊர்ல யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கவே மாட்டாங்க. போன மாசம்கூட இவங்க இதே பாத்திரம் நிறைய சுட்டுக் கொண்டுவந்தாங்க. இப்ப... போட்டுத் தர வீட்டுல ஒண்ணுமே இல்ல. நான் எத்தனை கணக்குக் காட்டினாலும் இதுக்கு ஈடாகுமா?"

மானியக்கார அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இருபது வருஷ வேலையில் இவ்வளவு தெளிவான சான்றைத் தான் பார்த்ததில்லை என்றாள். அடுத்த மூன்று வருஷத்துக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்றாள்.

"வீட்டுல பார் இருக்கு," என்றாள் ஆர்டிஸ். "ஒரு தட்டு நிறைய இருக்கு."

"எவ்வளவு ரோஷம் பாருங்க," என்று ஜேனல் முணுமுணுத்தாள்.

யாரோ கேமராவைக் கொண்டுவந்தார்கள். ஆர்டிஸைப் பலகைக்குக் கீழே நிறுத்தி, பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தார்கள். மெர்லையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். தொப்பி இருக்கட்டும், பொருத்தமாக இருக்கிறது என்றார்கள். மாடியில் எல்லாரும் சுற்றி நின்று நல்ல பற்களோடு சிரித்தார்கள்.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, ஆர்டிஸ்," என்றாள் ஜேனல் அன்பாக. "உள்ள ஒண்ணுமில்லைங்கிறது தெரியணும்."

ஒரே நாளில் இரண்டு தடவை மரியாதை இல்லாமல் நடந்துகொள்ள ஆர்டிஸுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. சாய்த்துப் பிடித்தாள்.